சர்வீஸ் சார்ஜ் கால் பணம், சட்டச் செலவு முக்கால் பணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான ஒரு கடிதம், அடுக்குமாடி வீடுகளின் சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டடப் பராமரிப்புச் செலவில் நம் பங்கு, அநியாயமாக ஏறினால் அதைக் கட்டாமல் நிறுத்திவைப்பதே நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் என்று வாதிட்டிருந்தது. அந்தக் கடிதத்தின் கோபத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்கு லிஃப்ட் பராமரிப்பு என்று பில் வருவதும், யாரும் கூட்டாத படிக்கட்டுக்குத் துப்புரவுச் செலவு கேட்கப்படுவதும் லண்டனில் யாருக்கும் புதிய செய்தியல்ல. ஆனால் அந்த ஆலோசனையை நம்பி நடப்பவர், தாம் கட்டாமல் விட்ட தொகையோடு, அந்தத் தொகையை வசூலிக்க நில உரிமையாளர் அமர்த்திய சட்டத்தரணியின் கட்டணத்தையும் தம் கையிலிருந்தே கொடுக்க நேரிடலாம் என்பதைக் கடிதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இதை எழுதுகிறேன்.

ஹரோவில் நான் வசிக்கும் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். எனினும் இந்த விடயத்தில் கட்ட மறுப்பவர்களின் பக்கத்தையும், வசூல் நின்றுபோனால் கட்டடக் காப்புறுதியைப் புதுப்பிக்கப் பணமின்றித் தவிப்பவர்களின் பக்கத்தையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு ஃபிளாட் வாங்குகிறோம் என்று நாம் சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் நாம் வாங்குவது 99 ஆண்டுக்கோ 125 ஆண்டுக்கோ 999 ஆண்டுக்கோ ஒரு குத்தகையை மட்டுமே. இப்படி லீஸ்ஹோல்ட் முறையில் இருக்கும் வீடுகள் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம். நிலமும் கட்டடத்தின் கூரையும் சுவரும் படிக்கட்டும் நில உரிமையாளருடையவை. அவற்றைப் பராமரிக்கும் செலவை எங்களிடம் பங்கிட்டு வாங்கும் உரிமையை அவருக்குக் கொடுப்பது லீஸ் என்கிற அந்தப் பத்திரம்தான். செலவு நியாயமாக ஏற்பட்டதாகவும், வேலை நியாயமான தரத்தில் நடந்ததாகவும் இருந்தால்தான் வசூலிக்கலாம் என்று 1985ஆம் ஆண்டின் நில உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதே பத்திரத்தின் பின்பக்கங்களில், பெரும்பாலும் குத்தகைதாரரின் உறுதிமொழிகள் என்ற தலைப்பின் கீழ், சட்டச் செலவு பற்றி இரண்டு மூன்று வரிகள் ஒளிந்திருப்பதை வீடு வாங்கும் அவசரத்தில் எவரும் படிப்பதில்லை.

அந்தச் செலவு நம்மிடம் வந்து சேர இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி சர்வீஸ் சார்ஜ் கணக்கேதான். நிர்வாகச் செலவுகளோடு சட்டத்தரணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள லீஸ் இடம் கொடுத்தால், ஒரு குத்தகைதாரரோடு நடந்த வழக்கின் செலவு, அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோருடைய அடுத்த ஆண்டு பில்லிலும் பங்காகத் தலைகாட்டும். இதற்குப் பொதுப்படையான சொற்கள் போதா, சட்டத்தரணியின் கட்டணம் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1989இல் செல்லா ஹவுஸ் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு லீஸ் எழுதியவர்கள் அந்தத் தெளிவைக் கவனமாகவே சேர்த்துவருகிறார்கள்.

இரண்டாவது வழிதான் பலரை வீழ்த்துவது. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, லீஸின் நிபந்தனையை மீறிய குத்தகைதாரரிடமிருந்து லீஸைப் பறிக்க விரும்பும் நில உரிமையாளர் முதலில் அவருக்கு ஓர் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது. குத்தகைதாரருக்குப் பாதுகாப்பாகப் போடப்பட்ட பிரிவு அது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு நவீன லீஸிலும், 146ஆம் பிரிவின் கீழான அறிவித்தலுக்காகவோ நடவடிக்கைக்காகவோ, அல்லது அவற்றை எண்ணத்தில் கொண்டோ நில உரிமையாளர் செய்யும் எல்லாச் செலவையும் குத்தகைதாரரே கொடுப்பார் என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. லீஸ் உண்மையில் பறிக்கப்பட வேண்டும் என்பதில்லை. அறிவித்தல்கூடக் கொடுக்கப்பட வேண்டும் என்பதில்லை. அந்த எண்ணம் இருந்தால் போதும். இந்த வழியில் வரும் தொகை எல்லோருக்கும் பங்கிடப்படாமல், நிர்வாகக் கட்டணம் என்ற பெயரில் அந்த ஒரு குத்தகைதாரரின் தலையிலேயே முழுதாக விழுகிறது.

1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் இந்த இடத்தில் குத்தகைதாரருக்கு உதவ முன்வந்தது. சர்வீஸ் சார்ஜ் கட்டவில்லை என்பதற்காக லீஸைப் பறிக்க வேண்டுமானால், அந்தத் தொகை கட்டவேண்டியதுதான் என்று குத்தகைதாரர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றமோ, இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயமோ இறுதியாகத் தீர்மானித்திருக்க வேண்டும் என்று அதன் 81ஆம் பிரிவு சொல்கிறது. அநியாயமான பில்லைக் காட்டி வீட்டைப் பறிக்கும் மிரட்டலுக்கு அணை போட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். 2011இல் அந்த அணையிலிருந்தே வேறொரு வாய்க்கால் வெட்டப்பட்டது. சென்ட் லெனார்ட்ஸ்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரில் 69 மரீனா என்ற முகவரியிலுள்ள கட்டடம் பற்றிய வழக்கில், நில உரிமையாளர்கள் தீர்ப்பாயத்தில் செய்த செலவைக் குத்தகைதாரரிடம் கேட்டார்கள். அக்காலத் தீர்ப்பாயம் ஒரு தரப்பின் செலவை மற்றத் தரப்பின் மீது சுமத்துவதற்கு, அதுவும் நடத்தை முறைகேடாக இருந்தால் மட்டுமே, 500 பவுண்டு என்ற உச்சவரம்பு இருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றமோ, தீர்ப்பாயத்தின் தீர்மானம் இல்லாமல் 146ஆம் பிரிவு அறிவித்தல் கொடுக்க முடியாது என்று சட்டமே சொல்வதால், அந்தத் தீர்மானத்தைப் பெறச் செய்த செலவும் அறிவித்தலை எண்ணத்தில் கொண்டு செய்த செலவுதான் என்று தீர்ப்பளித்தது. குத்தகைதாரரைக் காக்கக் கட்டாயமாக்கப்பட்ட ஒரு படி, அவருடைய பில்லில் ஏறும் ஒரு படியாகிவிட்டது. தர்க்கத்தில் அந்தத் தீர்ப்புக்குக் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாராளுமன்றம் இதைத்தான் விரும்பியது என்று எவரும் மனச்சாட்சியோடு சொல்வார்கள் என்றும் நான் நம்பவில்லை.

2014இல் மேல்நிலைத் தீர்ப்பாயம் இதைச் சற்று இழுத்துப் பிடித்தது. லீஸைப் பறிக்கும் நோக்கம் அந்தச் செலவுக்கு உண்மையிலேயே ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும், எல்லா வழக்குச் செலவும் தானாகவே அந்த வாசகத்துக்குள் அடங்கிவிடாது என்று அது விளக்கியது. அதன் விளைவாகச் சட்டத்தரணிகளின் முதல் கடிதத்திலேயே, எமது கட்சிக்காரர் 146ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுப்பதை எண்ணத்தில் கொண்டுள்ளார் என்ற வரி கட்டாயம் இடம்பெறத் தொடங்கியது. வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று அந்த வரியைப் படித்துத் தூக்கம் இழப்பவர்கள், அது பல சமயம் செலவைக் கேட்பதற்கான அடித்தளமாகவே எழுதப்படுகிறது என்பதை அறிவது நல்லது. அதற்காக அதை அலட்சியம் செய்யலாம் என்றும் ஆகாது.

சிறு கோரிக்கை வழக்குகளில் சட்டத்தரணிச் செலவைத் தோற்றவர் கொடுக்கத் தேவையில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். 10,000 பவுண்டுக்கு உட்பட்ட சாதாரண வழக்குகளுக்குப் பொதுவாக அது சரி. ஆனால் 2015இல் சாப்லேர் என்ற நில உரிமை நிறுவனம் தொடுத்த வழக்கில், லீஸ் என்ற ஒப்பந்தத்தின் வழியாக வந்த உரிமையைச் சிறு கோரிக்கைகளுக்கான விதிமுறை பறிக்காது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அந்நிய மனிதர்கள் இருவர் பழைய கார் விற்றதில் தகராறு பட்டால் ஒரு நியாயம், நில உரிமையாளரும் குத்தகைதாரரும் அதே அளவுத் தொகைக்குத் தகராறு பட்டால் வேறொரு நியாயம் என்றாகிறது.

இது எப்படி வளர்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். ஒருவர் 1,200 பவுண்டு சர்வீஸ் சார்ஜில் 400 பவுண்டு அநியாயம் என்று எண்ணி முழுத் தொகையையும் நிறுத்திவைக்கிறார் என்று கொள்வோம். நில உரிமையாளருக்காகக் கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் முதலில் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பி அதற்கு ஒரு கட்டணம் போடுவார். இரண்டாவது கடிதத்துக்கு இன்னொரு கட்டணம். பிறகு கோப்பு வசூல் நிறுவனத்துக்கோ சட்டத்தரணிக்கோ போகும், அதை ஒப்படைத்ததற்கு ஒரு கட்டணம், சட்டத்தரணியின் கடிதத்துக்கு ஒரு கட்டணம், காணிப் பதிவேட்டைப் பார்த்ததற்கு ஒரு சிறு தொகை. வழக்கு பதியப்பட்டு விசாரணை வரை போனால் தகராறான 400 பவுண்டை எல்லோரும் மறந்துவிட்டிருப்பார்கள். பல ஆயிரமாகிவிட்ட செலவு யாருடையது என்பதே வழக்காகியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். தொகை இந்த நிலைக்கு வந்தபின் நில உரிமையாளரும் விட்டுக்கொடுக்கத் தயங்குவார், ஏனெனில் விட்டுக்கொடுத்தால் அவருடைய சட்டத்தரணிக்கு அவரே கூலி கொடுக்க வேண்டும்.

இதைவிட மோசமானது, கடிதங்களைத் திறக்காமலே வைத்திருப்பது. நம் சமூகத்தில் இது அதிகம் நடக்கிறது என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது. கவுன்சில் வீட்டை வாங்கும் உரிமையின் கீழ் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் குரொய்டனிலும் ஃபிளாட் வாங்கிய முதியவர்கள் பலருக்கு, கவுன்சிலே தங்கள் நில உரிமையாளர் என்பதும், கூரை மாற்றினால் அதன் பங்கு தங்களிடம் கேட்கப்படும் என்பதும் பில் வந்தபோதுதான் தெரிந்தது. ஆங்கிலக் கடிதம் வந்தால் பிள்ளை வார இறுதியில் வந்து படிக்கட்டும் என்று மேசை லாச்சியில் போடுகிறார்கள். கவுண்டி நீதிமன்றத்தின் வழக்குப் படிவம் கிடைத்தால் பதிலளிக்க 14 நாட்கள்தான் உண்டு. அந்த நாட்களுக்குள் படிவம் கிடைத்ததை ஒப்புக்கொண்டு அனுப்பினால் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய 28 நாட்கள் வரை கிடைக்கும். பதிலே போகாவிட்டால் விசாரணை இன்றியே எதிர்த் தீர்ப்பு வரும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு ஆண்டுகள் கடன் பதிவில் நிற்கும். அதோடு, நீதிமன்றம் ஏற்கனவே தீர்மானித்த ஒரு தொகையைத் தீர்ப்பாயத்தில் மறுபடி கிளற முடியாது என்பதால், பில் நியாயமா என்ற கேள்வியே எழாமல் கதவு மூடப்படும். தீர்ப்பை ரத்துச் செய்யக் கோரலாம்தான். ஆனால் தாமதமின்றிக் கோர வேண்டும், வெல்லக்கூடிய ஒரு வாதம் இருப்பதையும் காட்ட வேண்டும்.

அடுத்து, நில உரிமையாளரின் சட்டத்தரணி வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கு எழுதுவார். லீஸ் பறிபோனால் தன் கடனுக்கான ஈடும் பறிபோகும் என்பதால் வங்கி பல சமயம் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு அதைக் கடனில் சேர்த்துக்கொள்கிறது. வட்டியோடு 20 ஆண்டுகளில் அதைக் கட்டி முடிக்கும்போது அந்தக் கடிதக் கட்டணங்கள் என்ன தொகையாகியிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கட்டாமல் இருப்பது அல்ல, எதிர்ப்பைப் பதிவு செய்து கட்டிவிட்டுக் கேள்வி கேட்பதே அறிவு. பணம் கட்டிய காரணத்தால் மட்டும் அந்தத் தொகையைக் குத்தகைதாரர் ஒப்புக்கொண்டதாகக் கருதக் கூடாது என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஏ பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த ஒரு வரியை அறியாததால் எத்தனையோ பேர், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து நிறுத்திவைக்கிறார்கள். கட்டும்போது, இன்ன இன்ன தொகையை நான் ஏற்கவில்லை, தீர்ப்பாயத்துக்குச் செல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் பதிவு இருக்கும். பின்னர் அதே 27ஏ பிரிவின் கீழ், முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கு நாமே விண்ணப்பித்து அந்தத் தொகை நியாயமா என்று தீர்மானிக்கச் செய்யலாம். முழுவதையும் கட்டக் கையில் பணம் இல்லாதவர், தகராறு இல்லாத பங்கையாவது கட்டி, மிகுதிக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கட்டாமல் இருக்கச் சட்டமே அனுமதி கொடுக்கும் சில நிலைமைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பில்லோடு குத்தகைதாரரின் உரிமைகளையும் கடமைகளையும் சுருக்கிச் சொல்லும் குறிப்பு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வரும்வரை தொகையை நிறுத்திவைக்கலாம். நிர்வாகக் கட்டணம் கேட்கும் கடிதத்துக்கும் இதே விதி பொருந்தும். பில்லில் நில உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் நில உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டம் சொல்கிறது. செலவு ஏற்பட்டு 18 மாதங்களுக்குள் பில் அனுப்பப்படாமலும், செலவு ஏற்பட்டது பற்றி எழுத்தில் அறிவிக்கப்படாமலும் இருந்தால் அதைப் பின்னர் கேட்க முடியாது. எந்த ஒரு குத்தகைதாரரின் பங்காவது 250 பவுண்டைத் தாண்டும் திருத்த வேலைக்கு முன்கூட்டிக் கலந்தாலோசிக்காவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தாலன்றி, ஒவ்வொருவரிடமும் 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. இவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் அதைத் தெளிவாக எழுதி நிறுத்திவைப்பது வேறு. கோபத்தில் நிறுத்திவைப்பது வேறு.

தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் செலவு பற்றிய இரண்டு விண்ணப்பங்களைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20சி பிரிவின் கீழ், நில உரிமையாளரின் வழக்குச் செலவைச் சர்வீஸ் சார்ஜ் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கோருவது. மற்றது, நிர்வாகக் கட்டணமாக அந்தச் செலவைக் கேட்பதைக் குறைக்கவோ நீக்கவோ கோருவது. 2002ஆம் ஆண்டின் காமன்ஹோல்ட் - லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் 11ஆம் அட்டவணையில் 5ஏ என்ற பந்தியாக 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இந்த உரிமை இங்கிலாந்திலுள்ள வீடுகளுக்கு மட்டுமே உரியது, வேல்ஸில் வசிப்பவர்களுக்கு இல்லை. ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டால், ஒரு வழியில் மறுக்கப்பட்ட செலவு மறு வழியில் வந்து நிற்கும். 20சி உத்தரவு விண்ணப்பத்தில் பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கே பயன்படும் என்பதால், அயல்வீட்டாரின் சம்மதம் பெற்று அவர்களுடைய பெயர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டிலும் தீர்ப்பாயம் பார்ப்பது எது நீதியும் நியாயமும் என்பதைத்தான். வென்றவருக்குத் தானாக உத்தரவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை, கேட்காதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. உயரமான கட்டடங்களின் தீப்பாதுகாப்புக் குறைபாடுகள் தொடர்பில் மட்டும் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், தகுதியுள்ள குத்தகைதாரர்களிடம் அது பற்றிய சட்டச் செலவைக் கேட்கக் கூடாது என்று நேரடியாகவே தடுத்திருக்கிறது.

நில உரிமையாளர் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதைக் கேலி செய்து ஒதுக்க என்னால் இயலாது. எல்லா நில உரிமையாளர்களும் தீவுகளில் பதிவு செய்த முதலீட்டு நிறுவனங்கள் அல்லர். எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் அந்த எட்டுப் பேரே பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனங்கள் ஏராளம். அவற்றுக்கு வாடகை வருமானமோ கையிருப்போ கிடையாது. அதில் ஒருவர் எந்தக் காரணமும் சொல்லாமல் மூன்று ஆண்டுகள் கட்டாவிட்டால், வசூலிக்கச் செய்த செலவை அவரிடம் வாங்க வேண்டாமென்றால் ஒழுங்காகக் கட்டிய ஏழு பேரும்தான் சுமக்க வேண்டும். இது நியாயமில்லை. எனவே நில உரிமையாளர் ஒருபோதும் செலவைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் செலவைக் குத்தகைதாரர் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை, நடந்தவற்றைப் பார்த்து ஒரு நீதிபதி முடிவு செய்ய வேண்டும். 40 ஆண்டுகளுக்கு முன் கட்டடம் கட்டிய நிறுவனத்தின் சட்டத்தரணி எழுதிய வாசகம் முடிவு செய்யக் கூடாது.

இன்றைய நிலையில் ஏற்றத்தாழ்வு வெளிப்படையானது. நில உரிமையாளர் வென்றால் லீஸின் வழியாகச் செலவைப் பெறுகிறார். பாதி தோற்றாலும் பல சமயம் பெற முயல்கிறார். குத்தகைதாரர் முழுமையாக வென்றாலும் தம்முடைய சட்டத்தரணியின் செலவைத் திரும்பப் பெற, எதிர்த்தரப்பு நியாயமற்ற முறையில் நடந்துகொண்டது என்று நிறுவ வேண்டும்; அதற்கான அளவுகோல் மிக உயர்ந்தது என்பதை மேல்நிலைத் தீர்ப்பாயம் 2016இல் வில்லோ கோர்ட் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. தோற்றாலும் தம் செலவு திரும்பிவரும் என்று தெரிந்தவர் ஒரு சிறு தகராறையும் கடைசி வரை இழுப்பார். வென்றாலும் செலவு தம் தலையில் விழும் என்று பயப்படுபவர் அநியாயமான பில்லையும் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்.

இதைச் சரிசெய்ய வேண்டிய சட்டம் ஏற்கனவே நிறைவேறிவிட்டது. தேர்தலுக்காகப் பாராளுமன்றம் மூடப்பட்ட 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற லீஸ்ஹோல்ட் - ஃபிரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம், நில உரிமையாளர் தம் வழக்குச் செலவைக் குத்தகைதாரர்களிடம் வாங்க வேண்டுமானால் அவரே நீதிமன்றத்திடமோ தீர்ப்பாயத்திடமோ அனுமதி கேட்க வேண்டும் என்று மாற்றுகிறது. குத்தகைதாரரும் தம் செலவை நில உரிமையாளரிடம் கோர வழி செய்கிறது. இதுவரை கேட்காதவர் இழந்தார். இனிக் கேட்க வேண்டியவர் மாறுகிறார். ஆனால் இப்பிரிவுகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. லீஸ் நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31 அன்று நீங்கியது; கட்டட நிர்வாகத்தைக் குத்தகைதாரர்களே ஏற்கும் உரிமை மார்ச் 3 முதல் இலகுவானது. செலவு பற்றிய பகுதிக்கோ 2025 ஜூலை 4 அன்று கருத்துக்கேட்பு தொடங்கி, செப்டம்பர் 26 அன்று முடிந்திருக்கிறது. அதன் பின் விதிமுறைகள் எழுதப்பட வேண்டும். இதற்கிடையில் வரும் ஒவ்வொரு வழக்கும் பழைய வாசகங்களின்படியே முடிவாகும்.

லீஸ் பறிப்பு என்ற மிரட்டலையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும், ஏனெனில் செலவு வாசகம் முழுவதும் அதன் தோளில்தான் ஏறி நிற்கிறது. 350 பவுண்டுக்கு மேற்பட்ட நிலுவைக்கோ, அதற்குக் குறைந்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்ற நிலுவைக்கோ, பல லட்சம் பவுண்டு பெறுமதியான வீட்டை முழுவதுமாக இழக்க வைக்கும் உரிமை இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த 350 பவுண்டைக் கணக்கிடும்போது தாமதக் கட்டணங்களைச் சேர்க்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது ஒரு சிறிய ஆறுதல். நீதிமன்றங்கள் பொதுவாக நிலுவையையும் செலவையும் கட்ட அவகாசம் கொடுத்து வீட்டைக் காப்பாற்றுகின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காப்பாற்றலின் நிபந்தனையே எதிர்த்தரப்பின் செலவைக் கட்டுவதாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். லீஸ் பறிப்பை நீக்கி நிதானமான வேறொரு முறையைக் கொண்டுவரலாம் என்று சட்ட ஆணைக்குழு 2006இலேயே அறிக்கை கொடுத்தது. அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் அதை அலமாரியில் வைத்தே பாதுகாத்தன.

இது குறித்துத் தங்கள் பத்திரிகை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசாங்க நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவை இலவசமாக வழிகாட்டுகிறது. அதன் தொடர்பு விவரங்களையும், நீதிமன்றப் படிவம் வந்தால் எத்தனை நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும் என்பதையும் மாதம் ஒருமுறை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகத் தமிழில் வெளியிட்டால், லாச்சியில் உறங்கும் கடிதங்கள் சிலவாவது வெளியே வரும். தங்கள் பக்கங்களில் விளம்பரம் செய்யும் நம்மவர் சட்டத்தரணிகளிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வீடு வாங்க வருபவரிடம் லீஸில் எத்தனை ஆண்டுகள் மிச்சம், கிரவுண்ட் ரென்ட் என்கிற நில வாடகை எவ்வளவு, பழைய நிலுவை உண்டா என்பவற்றையெல்லாம் சொல்கிறீர்கள். சட்டச் செலவு பற்றிய பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அது சர்வீஸ் சார்ஜ் கணக்கின் வழியாக மட்டும் வருகிறதா, 146ஆம் பிரிவு வாசகமும் சேர்ந்திருக்கிறதா என்பதையும், கையெழுத்து வாங்கும் முன் அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி, அதை உங்கள் அறிக்கையில் எழுதியும் கொடுங்கள்.

இங்ஙனம்,
குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்,
ஹரோ.
அக்டோபர் 2025